அரை அங்குலம்

பட்டன் அமுங்கியது. சீட் பெல்ட் விடவில்லை.

கெல்சி மறுபடி அமுக்கினாள். கட்டைவிரல் நகம் மடங்கி உடைந்தது. பெல்ட் விடவில்லை. தண்ணீர் மட்டும் யாரையும் கேட்காமல் ஏறிக்கொண்டிருந்தது. மடி, வயிறு, மார்பு.

பிக்கப் வண்டி பாசன வாய்க்காலுக்குள் மூக்கைச் செருகி, அவள் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மான் குறுக்கே பாய்ந்ததும், டெரிக் ஸ்டியரிங்கை ஒடித்ததும், முன்கண்ணாடியில் வானத்துக்குப் பதிலாகச் சேறு தெரிந்ததும் ஒரே மூச்சில் முடிந்திருந்தன. அந்த மூச்சை அவள் இன்னும் வெளியே விடவில்லை.

"டெரிக்! பெல்ட் மாட்டிக்கிச்சு!"

"தெரியுது! அசையாதே! நான் பாத்துக்கறேன்!"

அவன் பெல்ட் தொட்டதுமே கழன்றுவிட்டது. மேலே தூக்கி நின்ற தன் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியேறி, அங்கிருந்து தலைகீழாகக் குனிந்து உள்ளே கையை விட்டான். கெல்சியால் அவனைப் பார்க்க முடியவில்லை. மூக்கு தண்ணீருக்கு மேல் இருக்க வேண்டுமென்றால் முகத்தை வண்டியின் கூரையைப் பார்த்து நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும்.

இடுப்புக்குப் பக்கத்தில், பெல்ட்டின் ஓரத்தில் ஏதோ உரசியது. ஒரு முறை. இன்னொரு முறை. கொக்கியைத் தேடும் அவன் விரல்கள் என்று நினைத்தாள்.

பிறகு உரசல் நின்றுவிட்டது.

"டெரிக்?"

பதில் இல்லை. வாய்க்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்தது. துப்பினாள். மறுபடி கூப்பிட்டாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடும் தண்ணீரின் களகள சத்தம் மட்டும்தான் கேட்டது. அது எவ்வளவு நேரம் என்று பின்னால் பலர் அவளைக் கேட்டார்கள். காதுவரை தண்ணீரில் இருக்கிறவளிடம் நேரம் கேட்டால் என்ன சொல்வாள்?

கூரையில் ஒரு மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. அணைந்தது. விழுந்தது. அணைந்தது.

"காப்பாத்துங்க! யாராவது வாங்க! என் பொண்டாட்டி உள்ள மாட்டிக்கிட்டா!"

டெரிக்கின் குரல். அப்படி அவன் அலறி அவள் கேட்டதேயில்லை. கார்க் கதவு அறையப்பட்டது. கட்டைக் குரலில் ஒரு பெண் கேட்டாள்:

"கத்தி இருக்காய்யா உன்கிட்ட?"

"இல்ல! கோர்ட்டுக்குப் போறேன்னு கத்தி இல்லாததை எடுத்துட்டு வந்துட்டேன்! பாருங்க, வெறும் குறடு! வெறும் குறடு!"

"குறட்டை வச்சுப் பல்லா புடுங்கப் போறோம்? தள்ளு!"

நரைத்த தலை ஒன்று ஜன்னல் வழியாக இறங்கியது. தபால்காரர்களின் நீலச் சட்டை. பற்களுக்கு நடுவே ஒரு சாவிக்கொத்து. அதில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மடக்குக் கத்தி.

"மூச்சை இழுத்துப் பிடி கண்ணு. பேசாதே. பேச்செல்லாம் அப்புறம்."

கெல்சி இழுத்தாள். தண்ணீர் மூக்கை மூடியது, கண்ணை மூடியது. இருட்டுக்குள் பெல்ட் வெடுக் வெடுக்கென்று இழுபட்டது. நெஞ்சு வெடிக்கப் போகிறது என்ற நொடியில் இடுப்பில் இருந்த பிடி பட்டென்று விட்டது.

*

அந்தப் பள்ளத்தாக்கில் டெரிக் ஹால்வர்சனைத் தெரியாதவர்கள் குறைவு. தண்ணீர்ப் பம்பு, தானியக் களஞ்சிய மோட்டார் என்று பண்ணை பண்ணையாகப் போய்ப் பழுது பார்ப்பது பிழைப்பு. ஆனால் பெயர் கிடைத்தது அதனால் அல்ல, பாக்கெட்டால்.

தினமும் காலையில் பாக்கெட்டில் போகப் போகிற சாமான்களை ஒரு பழைய மரப்பலகையில் வரிசையாக அடுக்குவான். டார்ச், பேனா, கைக்கடிகாரம், நான்காக மடித்த நீலக் கைக்குட்டை, நடுநாயகமாக, குறடும் கத்தியும் திருப்புளியும் ஒன்றாக மடங்கும் ஒரு மல்டி-டூல். படம் எடுத்து இணையத்தில் போடுவான். மொன்டானாவில் தொடங்கி எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்து, 'அந்தக் குறட்டின் பிடி என்ன உலோகம்' என்று கேட்பார்கள். கெல்சிக்கு முதலில் சிரிப்பாக வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பழகிவிட்டது. ஐந்தாம் கல்யாண நாளுக்கு அவளே ஒரு மல்டி-டூல் வாங்கிக் கொடுத்தாள். ரம்பம் போலப் பல் வைத்த கத்தியுள்ளது. அதைக் கையில் வாங்கியபோது டெரிக்கின் முகம் போன போக்கு, அவளை முதன்முதலாகப் பார்த்த நாளில்கூட அப்படிப் போகவில்லை.

எதை வெட்டினாலும் சரி, ஆப்பிளோ கயிறோ, கைக்குட்டையால் அலகைத் துடைக்காமல் கத்தியை மடக்கமாட்டான். "ஈரத்தோட மடக்கினா உள்ளுக்குள்ள துரு பிடிக்கும்" என்பான். வீட்டில் விருந்தாளி முன்னால் வாயில் உணவை வைத்துக்கொண்டு பேசுவான், அதெல்லாம் பரவாயில்லை. ஈரக் கத்தியை மட்டும் மடக்கக்கூடாது.

அப்படிப்பட்டவன் தேவையான ஒரே ஒரு நாளில் கத்தி இல்லாமல் போனான்.

அன்று அவனுக்குக் கோர்ட்டில் ஜூரி அழைப்பு. வாசலில் கத்தியைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்று, கத்தியே இல்லாத ரகம் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஜூரிக்கு அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. கூடப் போயிருந்த கெல்சியோடு மதியமே திரும்பினான். வழியில் மான்.

மருத்துவமனையிலிருந்து கெல்சி வீடு திரும்பிய அன்று, மரப்பலகையில் அந்தக் கத்தியில்லாத மல்டி-டூலை மட்டும் தனியாக வைத்துப் படம் எடுத்தான். கீழே ஒரு வரி: 'என் மனைவியைக் கொல்லப் பார்த்தது இதுதான். தப்பாகத் தேர்ந்தெடுத்தது நான்.'

அந்தப் படம் எங்கெங்கோ போனது. முகம் தெரியாதவர்கள் அழுதுகொண்டு எழுதினார்கள். பார்சல் பார்சலாகக் கத்திகள் வந்தன. தேவாலயத்தில் ஆட்கள் அவன் தோளைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் நினைவு வந்து கெல்சியின் தோளைத் தட்டினார்கள். டெரிக் சரியாகச் சாப்பிடுவதில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருப்பான்.

கெல்சிக்கு மனசு கேட்கவில்லை.

விபத்துக்குச் சற்று முன்னால்தான் வண்டியில் அவனிடம் சொல்லியிருந்தாள். தூரத்து நகரமான பாய்ஸியில் பெரிய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, போகப் போகிறேன், நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று. "வராட்டியும் சரின்னா?" என்று கேட்டான். "சரின்னா சரிதான்" என்றாள். அவன் வைப்பரைப் போட்டான்.

இப்போது அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்ப வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. தன் பெண்டாட்டியைக் காப்பாற்ற முடியவில்லையே என்று இடிந்து உட்கார்ந்திருப்பவனை விட்டுவிட்டு எப்படிப் போவது? வரவில்லை என்றே எழுதிக் கவரில் போட்டு ஒட்டினாள். தபாலில் சேர்ப்பதுதான் பாக்கி.

*

கடை ரஸ்ஸலுடையது. வேட்டைத் துப்பாக்கி, தூண்டில், வேலிக் கம்பி, நாய்க்குத் தீனி, எல்லாம் ஒரே கூரையின் கீழ். மல்டி-டூல்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள். ரஸ்ஸல் அதன் மேல் முழங்கையை ஊன்றி நின்றால் பாதிப் பெட்டி மறைந்துவிடும்.

"வாம்மா கெல்சி. நனைஞ்ச பூனை மாதிரி இருப்பேன்னு நெனச்சேன். நல்லாத்தான் இருக்கே."

"காய வச்சுட்டாங்க. எனக்கு ஒரு மல்டி-டூல் வேணும் ரஸ்ஸல்."

"டெரிக் வீட்ல இல்லாததா? அங்கேருந்து எடுத்து என் கடையில வித்தா நான் இன்னொரு மாடி கட்டுவேன்."

"அவனுக்கில்ல. டோட்டிக்கு. என் பெல்ட்டை அறுக்கறப்போ அவங்க சாவிக்கொத்துக் கத்தி வாய்க்கால்ல போயிடுச்சு."

தபால்காரி டோட்டியின் பெயரைக் கேட்டதும் ரஸ்ஸல் முழங்கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான்.

"அப்போ விளையாட்டில்ல. சரி, கேக்கறதுக்குப் பதில் சொல்லு. அது எங்க கிடக்கும், பையிலயா, சாவியிலயா, பாக்கெட்லயா?"

"பாக்கெட். சட்டைப் பாக்கெட்."

"அப்ப இந்த மூணும் அவுட்டு." செங்கல் கனத்தில் இருந்த மூன்றை ஒதுக்கினான். "கனமா இருந்தா முதல் வாரம் எடுத்துட்டுப் போவாங்க, ரெண்டாவது வாரம் அலமாரியில தூங்கும். வீட்ல தூங்கற கத்தி யாரையும் காப்பாத்தாது. அடுத்தது, என்ன வேலை?"

"தபால் கட்டோட கயிறு. அட்டைப்பெட்டி. அப்பறம்..." கெல்சி நிறுத்தினாள். "தண்ணிக்குள்ள, ஒத்தைக் கையால திறக்கணும்."

ரஸ்ஸல் அவளை ஒரு கணம் பார்த்தான். பின்னால் போய் நாய்க்குத் தண்ணீர் வைக்கிற வாளியைக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்தான்.

"கையை விடு. முழங்கை வரைக்கும். ம்... இப்ப திற."

முதலாவது வழுக்கியது. இரண்டாவதில் கத்தியை எடுக்கக் குறட்டையே விரிக்க வேண்டியிருந்தது. "இதை டிசைன் பண்ணவன் வாழ்க்கையில குளிச்சதே இல்லை" என்று ரஸ்ஸல் அதைத் தூக்கிப் போட்டான். மூன்றாவது கட்டைவிரலால் தள்ளியதும் டக்கென்று விரிந்து பூட்டிக்கொண்டது.

"இப்ப வெட்டிப் பாரு."

கல்லாவின் கீழேயிருந்து பழைய சீட் பெல்ட் துண்டு ஒன்றை எடுத்து வாளியில் முக்கி நீட்டினான். கெல்சி அதை வாங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். வழவழ அலகுள்ள கத்தி ஈரத்தில் சறுக்கிச் சறுக்கித்தான் இறங்கியது. பல் வைத்த கத்தி முதல் இழுப்பிலேயே கவ்வியது. ரஸ்ஸல் இரண்டு துண்டுகளையும் அவள் முன்னால் போட்டான்.

"விரலை வச்சுப் பாரு. சாதா கத்தி வெட்டினது நேரா இருக்கும். பல்லுக் கத்தி வெட்டினது அலை அலையா இருக்கும். ஆப்பிள் பை பலகாரம் சுடறப்போ மாவு ஓரத்தை முள்கரண்டியால அமுக்குவாங்களே, அந்த மாதிரி."

கெல்சி தடவிப் பார்த்தாள். ஆமாம். ஆப்பிள் பையின் ஓரம் போலவே இருந்தது.

"பல்லுக் கத்தியே கொடுங்க."

"நல்ல தேர்வு. உன் புருஷனும் இதைத்தானே நம்புவான்." ரஸ்ஸல் அலகைத் துணியால் துடைத்து மடக்கி, டப்பாவுக்குள் வைத்தான். கூடவே ஒரு சென்ட் நாணயத்தையும் டேப் போட்டு ஒட்டினான். கத்தியை அன்பளிப்பாக வாங்குகிறவர் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கத்தி நட்பை வெட்டிவிடும். அங்கே யாரும் அதை நம்புவதாகச் சொல்லமாட்டார்கள். காசை ஒட்டாமல் விடவும் மாட்டார்கள்.

"ஒண்ணு கேக்கணும்மா. தப்பா எடுத்துக்காதே." ரஸ்ஸல் தாடியைச் சொறிந்தான். "அன்னிக்குக் காலையில டெரிக் போட்ட படத்தை நானும் பாத்தேன். காப்பிக்கு முன்னாடி அதைத்தான் பாக்கறது. அதுல ரெண்டு இருந்துச்சு. கத்தி இல்லாதது ஒண்ணு. பல்லுக் கத்தி ஒண்ணு, நீ வாங்கிக் குடுத்தது."

கெல்சியின் கை டப்பா மேலேயே நின்றது.

"ரெண்டா?"

"படம் போடற இந்தக் கூட்டத்துல எவன் ஒண்ணோட வெளிய போவான்? ஒண்ணு கை விட்டா இன்னொண்ணு இருக்கணும்னு ஊருக்கே பாடம் எடுக்கறவன் ஆச்சே. கோர்ட்டுக்குள்ள ஒண்ணு, வண்டியில ஒண்ணுன்னு எடுத்துட்டுப் போயிருப்பான்னுதான் நான் நெனச்சேன். அப்பறம் கேட்டா ஒண்ணுதான் இருந்துச்சுங்கறான். என்னமோ போ. பதட்டத்துல மறந்திருப்பான்."

வாசல் மணி அடித்து இன்னொரு ஆள் உள்ளே வந்தார். ரஸ்ஸல் அந்தப் பக்கம் திரும்பினான். கெல்சி வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். நேராக வீட்டுக்கு ஓட்டினாள்.

*

"ரெண்டு இருந்துச்சா டெரிக்?"

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள். அவன் மேஜை முன்னால்தான் இருந்தான். நிமிர்ந்தான். கோபப்படவில்லை. அதுதான் அவளை முதலில் தணித்தது.

"படத்துலயா? ஆமா."

"அப்போ..."

"அந்தப் படம் முந்தின நாள் சாயங்காலமே எடுத்தது கெல்சி. காலையில இந்த ஜன்னல்ல வெளிச்சம் சரியா விழாது. எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. எடுத்து வச்சுட்டு, காலையில போடறது." எழுந்து போய் அலமாரியிலிருந்து தோல் விரித்த தட்டை எடுத்துவந்தான். உள்ளே பத்துப் பதினைந்து மல்டி-டூல்கள் குழந்தைகள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. நடுவில் அவள் வாங்கிக் கொடுத்தது. எண்ணெய் போட்டுப் பளபளவென்று. "இங்கேயே கிடந்துச்சு. கிளம்பறப்போ எடுத்தேன். எதுக்கு இன்னொண்ணுன்னு திரும்ப வச்சுட்டேன். நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ வீட்டுக்கு வந்து முதல்ல இதைத்தான் பாத்தேன். இங்கேயே, இந்த இடத்துலயே..."

முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தோள்கள் குலுங்கின.

கெல்சிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. கடைக்காரன் ஒருவன் ஏதோ உளறினான் என்று, கட்டினவனிடம் வந்து போலீஸ்காரன் மாதிரிக் கேள்வி! அவன் தலையை இழுத்து வயிற்றோடு சாய்த்துக்கொண்டாள்.

"மன்னிச்சிரு. நான் பாய்ஸிக்குப் போகலை டெரிக். எழுதிட்டேன். நாளைக்குத் தபால்ல போடறேன்."

அவன் முகத்தைத் தூக்கினான். கண்ணில் ஈரம். விபத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தான்.

"நிஜமாவா?"

"நிஜமா."

இரவு நன்றாகச் சாப்பிட்டான். இரண்டாவது தடவை உருளைக்கிழங்கு கேட்டு வாங்கினான். பாத்திரம் துடைக்கும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டான்:

"டோட்டிக்கு வாங்கினதை என்கிட்ட குடு. நானே குடுத்துடறேன். அந்தம்மாவுக்கு இந்த நன்றி சொல்றதெல்லாம் பிடிக்காது. கூச்சப்படுவாங்க."

"உயிரைக் காப்பாத்தினவங்க. நான்தான் குடுக்கணும்."

"சரி. உன் இஷ்டம்."

*

காலையில் கெல்சி எடுத்துப் போகக் கடிதம் இருக்கிறது என்று காட்டும் தபால் பெட்டியின் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டு, சாலையோரமே காத்திருந்தாள். ஒரு கையில் கவர், இன்னொரு கையில் டப்பா. பின்னால் நீண்ட மண் பாதையின் கோடியில் வீடு. முன்படியில் டெரிக் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தான்.

மஞ்சள் விளக்கு கூரையில் மின்ன, டோட்டியின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. தபால் பெட்டிக்குக் கை எட்ட வேண்டும் என்று டோட்டி, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்க, வலது சீட்டில் உட்கார்ந்து, இடது காலை நீட்டிப் பிரேக்கை மிதிப்பாள். அதைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் காரை யாரும் ஓட்டவில்லை என்று பயந்துபோவார்கள்.

"என்ன கண்ணு, கொடி போதாதுன்னு நீயும் நிக்கிறே? காதல் கடிதமா?"

"வேலை வேண்டாம்னு எழுதின கடிதம். முதல்ல இதைப் பிடிங்க."

டோட்டி டப்பாவைத் திறந்தாள். ஒட்டியிருந்த சென்ட்டைப் பார்த்ததும் சிரித்தாள். நகத்தால் பிய்த்துக் கெல்சியின் உள்ளங்கையில் அழுத்தினாள். "இந்தா உன் காசு. நம்ம நட்பு பிழைச்சுது." மல்டி-டூலைக் கையில் எடை பார்த்தாள். கட்டைவிரலால் தள்ளினாள். டக். அலகின் பல்வரிசையில் விரலை மெல்ல ஓட்டினாள்.

"அடேங்கப்பா. இது இருந்திருந்தா அன்னிக்கு உன்னை ரெண்டே இழுப்புல எடுத்திருப்பேன். என் பொடிக்கத்தி கயிறு அறுக்கத்தான் லாயக்கு. சீட் பெல்ட்டை அது அறுத்துச்சுன்னு ஊரே மெச்சுது. எனக்குச் சிரிப்பா வருது. அந்தப் பேர்ல பாதி உன் புருஷனுக்குப் போக வேண்டியது."

"ஏன்?"

"அவன்தானே ஆரம்பிச்சு வச்சிருந்தான்?"

கெல்சிக்கு முதலில் புரியவில்லை. டோட்டி எஞ்சினை நிறுத்தாமலே, பிரேக்கில் காலை வைத்தபடி, தபால் கட்டைப் பிரித்துக்கொண்டே பேசினாள்.

"தண்ணிக்குள்ள கண்ணு தெரியலை. விரலாலதான் தடவினேன். கொக்கிக்குப் பக்கத்துல பெல்ட் ஓரத்துல ஏற்கெனவே வெட்டியிருந்துச்சு. அரை அங்குலம் இருக்கும். நல்ல வெட்டு. அலை அலையா, ஆப்பிள் பை ஓரம் மாதிரி. அந்த வாய்க்குள்ள என் பொடியனை விட்டு இழுத்தேன், கிழிஞ்சுது. அது இல்லைன்னா நான் இன்னும் அறுத்துக்கிட்டே இருப்பேன், நீ இருக்க மாட்டே."

கெல்சியின் கையிலிருந்த காசு விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

"அவன்கிட்ட... கத்தி இல்லைன்னு சொன்னானே."

"சொன்னான். நானும் யோசிச்சேன். வெட்டறப்போ கை நழுவித் தண்ணியில விழுந்திருக்கும். பெரிய கத்திக்காரன், இவ்வளவு பேரு, கையை விட்டுட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்திருக்கும். அதான் நான் ஷெரீஃப்கிட்டகூட இதைச் சொல்லிக்கலை. ஆம்பளைங்க மானம் பொல்லாதது. உன்கிட்ட மட்டும் சொல்றேன்."

தண்ணியில் விழுந்திருக்கும்.

தோல் விரித்த தட்டு. நடுவில் பளபளவென்று அது. எண்ணெய் போட்டு. இங்கேயே, இந்த இடத்துலயே.

இடுப்பில் அந்த உரசல் திரும்ப வந்தது. ஒரு முறை. இன்னொரு முறை. விரல்கள் இல்லை. அப்புறம் அந்த அமைதி. இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டும் பதில் வராத அமைதி. மஞ்சள் வெளிச்சம். வெளிச்சத்துக்குப் பிறகுதான் அலறல்.

பின்னால் மண் பாதையில் செருப்புச் சத்தம். டெரிக் இறங்கி வந்துகொண்டிருந்தான். அவசரப்படாமல்.

"கடிதத்தைக் குடு கண்ணு. நேரமாச்சு." டோட்டி கவரின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். கெல்சி விடவில்லை. "என்ன? மனசு மாறிடுச்சா?"

"டோட்டி." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "பின் சீட்டைக் கொஞ்சம் ஒதுக்குங்க. நான் உங்களோட வர்றேன்."

"தபால் வண்டியில ஆள் ஏத்தினா என் வேலை போயிடும்..." சொல்லிக்கொண்டே நிமிர்ந்த டோட்டி, கெல்சியின் முகத்தைப் பார்த்தாள். பின் சீட்டிலிருந்த தபால் தட்டை எட்டிக் கீழே தள்ளினாள்.

கெல்சி பின்கதவைத் திறந்து ஏறினாள். கதவை இழுத்துச் சாத்தினாள். சீட் பெல்ட்டைத் தொடவில்லை.

"என்ன, ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?" பாதையிலிருந்து டெரிக் கூப்பிட்டான். கோப்பையை உயர்த்திக் காட்டினான். மறு கை பாக்கெட்டில் இருந்தது.

டோட்டி பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் நகர்ந்தது. கண்ணாடியில் அவன் சின்னதாகிக்கொண்டே போனான்.

"டோட்டி, நீங்க அன்னிக்கு வளைவுல திரும்பினப்போ அவன் எங்க இருந்தான்? வண்டி மேலயா? தண்ணியிலயா?"

அடுத்த தபால் பெட்டி வந்தது. அதில் கொடி தூக்கியிருந்தது. டோட்டி நிறுத்தாமல் தாண்டிப் போனாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு கொடியைத் தாண்டிப் போனதில்லை.

"அதிர்ச்சியில ஆளு உறைஞ்சு போயிட்டான்னுதான் கண்ணு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "கரை மேல உக்காந்திருந்தான். என் விளக்கு மேல பட்டப்பறம்தான் துள்ளி எழுந்து கத்தினான். அதுக்கு முன்னாடி... நீலக் கைக்குட்டை ஒண்ணை வச்சு எதையோ நிதானமாத் துடைச்சு, மடக்கிக்கிட்டிருந்தான்."